பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

நாய்க்கு வியர்ப்பது பாதத்தில். தெருவில் ஓர் அணுகுண்டுப் பட்டாசு வெடித்ததும் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு ஓடும் நாயின் பின்னால் தரையைக் குனிந்து பாருங்கள். டைல்ஸ் மீது ஈரமான பாதத் தடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெயில் இல்லை, புழுக்கம் இல்லை. அது பயத்தில் வந்த வியர்வை. அதோடு மூச்சிரைப்பு, நடுக்கம், காரணமில்லாத கொட்டாவி, திரும்பத் திரும்ப உதட்டை நக்குவது எல்லாம் சேர்ந்து வரும்.

"ரெண்டு தீபாவளி போனா தானா பழகிடும்" என்று சொல்பவர்கள் அதிகம். பல நாய்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. ரயில் பாதை ஓரம் வளரும் நாய் ரயில் சத்தத்துக்குப் பழகுகிறது. அந்தச் சத்தம் தூரத்தில் தொடங்கி மெல்லப் பெருகி மெல்லத் தேய்கிறது. தினமும் அதே போல வருகிறது. வெடிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. திரியைக் கொளுத்திய நமக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், காதைப் பொத்திக்கொள்கிறோம். நாய்க்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கம் என்று தெரியாமல் அட்ரினலின் சுரந்தபடியே இருக்கிறது. அப்படி ஒரு முறை மிரண்ட நாய் அடுத்த ஆண்டு இன்னும் சீக்கிரமாக மிரளும். பிறகு இடி, டயர் வெடிப்பு, குக்கர் விசில் வரை அந்தப் பயம் பரவக்கூடும்.

நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். பூனைக்கு 60,000-ஐயும் தாண்டும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி சத்தம் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். அப்படியென்றால் ஒரு மீட்டர் தள்ளி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டருக்கு அடியில் படுத்திருக்கும் தெருநாயின் காதில் விழுவது 137.

பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடலாம். பயம் ஓர் உணர்ச்சி. அணைத்துக்கொள்வதால் அது வளராது. மடியைத் தேடி வந்தால் இடம் கொடுங்கள். கட்டிலடியிலோ பரணிலோ பூனை ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே போடாதீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பலன் இருந்ததாகச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஊர் அதற்குள் அடங்காது என்பது தெரிந்ததுதான். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே நடைக்கு அழைத்துப்போய், சாப்பாட்டையும் முடித்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, ஃபேனும் டிவியும் ஓடும் உள்ளறையில் விடுங்கள். மிரண்டு ஓடினாலும் திரும்பக் கிடைக்க, கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். மிகவும் பயப்படும் நாய்க்கு மருந்து வேண்டுமென்றால் சில வாரங்கள் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அசிப்ரோமசின் போன்ற மயக்க மாத்திரை மட்டும் கொடுத்தால் உடம்புதான் அடங்கும், பயம் உள்ளேயே இருக்கும். நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டு நாய்க்காவது ஓர் அறை உண்டு. தெருநாய் மிரண்டு ஓடினால் அடுத்த தெரு நாய்களின் எல்லைக்குள் போய் விழுகிறது. அங்கே கடிபட்டு, திரும்பும் வழியில் வண்டியில் அடிபடுகிறது. வாலில் சரவெடி கட்டுவது விளையாட்டு அல்ல. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். தீக்காயம் பட்ட நாய்க்குப் பற்பசை, மஞ்சள் பூசாமல் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்ட வரும் நத்தைக்குத்தி நாரைகளுக்காகப் பல ஆண்டுகளாகவே யாரும் வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊரே செய்கிறது. நாம் ஒரு தெருவுக்கு இவ்வளவாவது செய்யலாம்: நாய்கள் படுக்கும் மூலையை விட்டுத் தள்ளி வெடியுங்கள், காரைக் கிளப்பும் முன் அடியில் பாருங்கள், தீபாவளியன்று ஓர் இரவு மாடிப்படிக்கு அடியில் ஒண்ட வரும் நாயை விரட்டாதீர்கள்.