கொலையாளி யார் என்று முன்பே தெரிந்துவிட்டால்?

கொலை ஒன்று நடக்கிறது. செய்தவன் யார் என்பதை இறுதிவரையில் மறைத்து வைத்து, முடிவில் வெளியிடுகிறார்கள். துப்பறியும் கதையின் இலக்கணமே இதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த ரகசியம் போய்விட்டால் கதையில் எஞ்சுவது என்ன? ஒன்றும் எஞ்சாத கதைகளே மிகுதி. அவற்றை இரண்டாம் முறை பார்க்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

அந்த ரகசியத்தை வேண்டுமென்றே தொடக்கத்தில் உடைத்துவிட்டுப் புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் ‘கொலம்போ’. ரிச்சர்டு லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இரு நண்பர்களின் படைப்பு அது. 1968 முதல் 2003 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, பீட்டர் ஃபாக் அதில் நடித்தார். முறை ஒன்றும் புதிதன்று. ஆஸ்டின் ஃப்ரீமன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1912-லேயே கையாண்டதுதான்.

1971-இல் வந்த ஒரு கதையைப் பாருங்கள். இயக்கியவர் அப்போது இருபத்து நான்கு வயதே ஆன ஸ்டீவன் ஸ்பில்பெர்க். மர்மக் கதைகளைக் கூட்டாக எழுதிப் பொருள் குவித்த இருவர். உண்மையில் எழுதுபவர் ஒருவர். மற்றவன் பேட்டி கொடுப்பவன், விருந்துக்குப் போகிறவன். எழுதுகிறவர் பிரிய விரும்புகிறார். மற்றவன் அவரைத் தொலைவிலுள்ள தன் ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அலுவலகத்தில் இருப்பதாக மனைவியிடம் தொலைபேசியில் கூறச் செய்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிடுகிறான். இவ்வளவையும் நாம் கண்ணாரக் கண்டுவிட்டோம்.

பிறகு வருகிறார் கொலம்போ. கசங்கிய மழைக்கோட்டு (அது நடிகரின் சொந்தக் கோட்டாம்!), கையிலே சுருட்டு, ஓயாமல் மனைவியைப் பற்றிய பேச்சு. செல்வன் அவரை ஏளனமாக நோக்குகிறான். கொலம்போ ஆராய்வதோ கைரேகையை அன்று; மனித இயல்பை. கூட்டாளிக்கு ஆபத்து என்று கேட்டவன் விமானம் ஏறாமல் ஏன் நிதானமாகக் காரில் வந்தான்? வாசலில் பிணம் கிடக்கையில் தபாலைப் பிரித்துப் பார்க்க எப்படி மனம் வந்தது? விடைபெற்றுக் கதவுவரை போனவர் திரும்பி வந்து, “இன்னும் ஒரு சிறு சந்தேகம்” என்கிறார். அப்போது அவன் முகம் மாறுவதைக் காணத்தான் நாம் காத்திருக்கிறோம். உண்மை நமக்குத் தெரியும் என்பதனாலேயே அந்த மாற்றம் நமக்குப் புலப்படுகிறது. துப்பாக்கிச் சண்டை எதுவும் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. இறுதியில் அவர் காட்டும் சான்றுகளில் சில நீதிமன்றத்தில் நிற்குமா என்பது ஐயமே. இக்கதையிலும் அவ்வாறுதான். இறந்தவரின் தாள்களிடையே பழைய குறிப்பு ஒன்று அகப்படுகிறது. நடந்த கொலையின் திட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. என்றோ கூட்டாளி வாய்மொழியாகச் சொன்னதை அவர் குறித்து வைத்திருந்தார். கொலையாளி மறுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் தனக்குத் தோன்றிய ஒரே நல்ல கதை அதுதான் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.