வெயிற்காப்புப் பூச்சும் பவளப் பாறையும்

பவளம் என்ற அளவிலே நம்மவர் நினைவிற்கு வருவது மகளிர் கழுத்திலணியும் செம்மணியே. அது மத்தியதரைக் கடல் முதலிய இடங்களிற் கிடைப்பது, இனமும் வேறு. ஈண்டு யாம் கூறப் புகுந்தது, வெப்ப நாட்டுக் கடலோரங்களில் ஆழமில்லாத நீரிலே பாறை பாறையாக வளர்வதும், ஈழத்துத் தமிழரால் முருகைக்கல் என்று வழங்கப்பெறுவதுமாகிய பவளத்தைப் பற்றியதாகும்.

கல்லென்று பெயர் பெறினும் அதனைக் கட்டுவன உயிர்களே. சிறிய மெல்லுடற் பிராணிகள் எண்ணிறந்தன ஒருங்கு கூடி வாழ்ந்து, தத்தம் அடியிலே சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து, தலைமுறை தலைமுறையாக இப்பாறைகளை எழுப்புகின்றன. இவற்றின் தசையினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரையைச் சமைத்து, அதிற் பெரும் பங்கைத் தனக்கு இடந்தந்த பிராணிக்கே அளிக்கின்றது. பிராணியோ பாசிக்கு உறையுளும் உரமும் உதவுகின்றது. பாசி நீங்குமாயின் பவளம் நிறமிழந்து வெளுத்துப் பட்டினியால் மெலியும். நெடுநாள் அந்நிலை நீடிப்பின் மாளும். கடலின் அடித்தரையில் நூற்றிலொரு பங்கினுங் குறைந்த இடத்தையே இப்பாறைகள் கொண்டுள்ளன. எனினும் கடல்வாழ் உயிரினங்களிற் கால் பங்கு இவற்றைச் சார்ந்து பிழைக்கின்றன.

பாசிக்கு ஒளி வேண்டுமாதலின், தெளிந்த ஆழமற்ற நீரும் நல்ல வெயிலும் உள்ள இடமே பவளத்திற்கு ஏற்றது. கடலாடச் செல்லும் மாந்தரும் அவ்விடத்தையே நாடுகின்றனர். இடர் விளைவது இந்தச் சந்திப்பிலேதான்.

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அத்தீவின் பழங்குடியினர் பவளத்தை எத்துணை உயர்வாகக் கருதினர் என்பது, குமுலிப்போ என்னும் அவர்தம் படைப்புப் பாடலிற் பவளப் பூச்சியே உயிர்களுள் முதலாவதாகப் பிறந்ததாகக் கூறப்படுவதால் விளங்கும். ஓஆஹூ என்னும் தீவில் ஹனௌமா என்றொரு விரிகுடா உண்டு. அவிந்த எரிமலையொன்றின் வாய் ஒருபக்கம் உடைந்து கடல் உட்புகுந்தமையால் அமைந்த அழகிய வட்டத் துறை அது. 1967-ஆம் ஆண்டிலேயே அதனைக் காப்பிடமாக ஆக்கினர். 2002-ஆம் ஆண்டு முதல், வருவோர்க்குப் பவளத்தை மிதியாதிருக்க அறிவுறுத்தும் படக்காட்சி காட்டிய பின்னரே கீழே இறங்க விட்டனர். ஆயினும், மிதியாமல் நீந்துவோனும் தன் மேனியிற் பூசியதை நீரில் விட்டுச் செல்கின்றான் அன்றோ?

அவன் பூசுவது சன்ஸ்கிரீன் எனப்படும் வெயிற்காப்புப் பூச்சு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் வெண்தோலைச் சுட்டுப் புண்ணாக்குவதோடு நில்லாமல், தோற்புற்று நோய்க்கும் காரணமாதலின் அப்பூச்சு வீண் ஆடம்பரமன்று. அதில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படும் சரக்குகளுள் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்னும் இரண்டும் முக்கியமானவை. ஆக்ஸிபென்ஸோன் புற ஊதாக் கதிரை ஏற்றவுடன், தன் மூலக்கூற்றினுள் ஹைட்ரஜன் அணுவொன்றைச் சற்றே இடம் பெயர்த்து மீண்டும் பழைய இடத்திற் சேர்த்து, ஏற்ற சக்தியைத் தீங்கற்ற வெப்பமாகக் கழித்துவிடும். தோலுக்கு அது குடை பிடித்தாற் போல்வது.

இது பவளத்திற்குக் கேடு செய்யும் என்ற ஐயம் 2008-ஆம் ஆண்டில் வலுப்பெற்றது. இத்தாலிய ஆராய்ச்சியாளர் சிலர், பூச்சுப் பொருள்கள் கலந்த நீரிற் பவளம் வெளுத்தலைக் கண்டனர். பவளப் பாறைகளுள்ள கடல்களில் ஆண்டுதோறும் 4,000 முதல் 6,000 டன் வரை பூச்சு கரைவதாகவும் மதிப்பிட்டனர். 2015-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சி, நீந்தித் திரிய வேண்டிய பவளக் குஞ்சுகள் ஆக்ஸிபென்ஸோன் பட்டவுடன் உருக்குலைந்து, பருவமல்லாப் பருவத்தே தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டி அதனுள்ளே சிறைப்படுதலைக் காட்டிற்று.

தோலைக் காக்கும் பொருள் பவளத்தைக் கொல்வது யாங்ஙனம்? இவ்வினாவிற்கு 2022-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் கண்ட விடை மிக வியப்பானது. அவர்கள் பவளத்திற்கு நெருங்கிய உறவாகிய கடற்சாமந்தியை, ஆக்ஸிபென்ஸோன் கலந்த கடல் நீரில் வைத்துச் சோதித்தனர். வெயிலையொத்த ஒளியில் வைத்தவை யாவும் 17 நாளுக்குள் மாண்டன. புற ஊதாக் கதிர் படாமல் வைத்தவையோ அந்நஞ்சிலேயே உயிரோடிருந்தன. அவ்வுயிர் தன்னுட் புகுந்த அன்னியப் பொருளை வெளியேற்றும் பொருட்டு அதனோடு சர்க்கரையைப் பிணைக்கின்றது. பல உயிர்களும் கையாளும் சாதாரண உபாயமே இது. ஆனால் சர்க்கரை சென்று பிணைவது, முன் கூறிய ஹைட்ரஜன் அணு இருந்த இடத்திலேயாம். அதனால் ஏற்ற ஒளியை வெப்பமாகக் கழிக்கும் வழி அடைபட்டு, அச்சக்தி உயிரணுக்களையே சிதைக்கும் நஞ்சாக மாறுகின்றது. குடையாக நின்றதே கொள்ளியாயிற்று.

இன்னும் ஒன்று. உள்ளிருக்கும் பாசிகள் இந்நஞ்சின் பெரும்பகுதியைத் தம்முள் வாங்கிக்கொண்டு, தமக்கு இடந்தந்த உயிரைக் காக்கின்றன. பாசியற்றவை விரைவில் இறந்தன. ஆகவே, முன்னரே வெளுத்துப்போன பவளத்திற்கு இப்பூச்சு இருமடங்கு கொடிதாகலாம்.

பவளத்தை உலகெங்கும் வெளுக்கச் செய்வது பூச்சன்று, கடலின் வெப்பமே என்பதை மறைத்தல் நேர்மையன்று. வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு பாகை வெப்பம் மிகுந்து சில வாரம் நிலைத்தாற் போதும், பவளம் பாசியை இழந்துவிடும். உலகளாவிய நான்காம் வெளுப்பு 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. சோதனைச் சாலையில் இட்ட அளவு ஆக்ஸிபென்ஸோன், கடலிற் பொதுவாகக் காணப்படுவதினும் மிகுதி என்பதும் உண்மையே. இவற்றைக் காட்டிப் பூச்சைப் பொருட்படுத்த வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. ஹனௌமா போன்ற குறுகிய துறையில் நாடோறும் பெருங்கூட்டம் நீராடும்போது பெருங்கடலின் சராசரிக் கணக்கு பயன்படாது. வெப்பத்தால் நலிந்த பவளத்தையே நஞ்சு எளிதிற் பற்றும் என்பதும் மேலே கண்டோம். வெப்பத்தைத் தணிக்க உலகமனைத்தும் ஒன்றுபடல் வேண்டும். பூச்சை விலக்க ஒரு தீவின் சட்டமன்றம் போதும்.

ஹவாய்ச் சட்டமன்றம் அதனைச் செய்தது. மேற்கூறிய இரு சரக்குகளும் சேர்ந்த பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்னும் சட்டத்தில் கவர்னர் டேவிட் ஈகே 2018-ஆம் ஆண்டு ஜூலையிற் கையொப்பமிட்டார். 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே பலாவு என்னும் சிறு தீவு நாடு பத்துச் சரக்குகளைத் தடுத்துவிட்டது. மக்கள் பூச்சையே கைவிட்டு நோய்க்கு ஆளாவர் என்று மருத்துவர் சிலர் அஞ்சினர். அவ்வச்சத்தைத் தள்ளிவிட முடியாது. சட்டத்தில் ஓட்டையும் உண்டு: தடுக்கப்பட்டது விற்பனையேயன்றிப் பூசுதல் அன்று. வேற்றூரினின்று பெட்டியிற் கொணர்வோனை அது தொடாது.

2022-இல் மௌயி, ஹவாய் என்னும் இரு வட்டாரங்கள் இன்னும் ஒருபடி சென்று, துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் கனிமப் பொடிகளாலான பூச்சுகளையே விற்கலாம் என விதித்தன. ஆயினும் துத்தநாகப் பொடியின் மிக நுண்ணிய துகள்களும் பவளத்தை வெளுக்கச் செய்தல் சில சோதனைகளிற் காணப்பட்டது. வணிகர் குப்பிகளின் மேல் ‘பவளத்திற்குத் தீங்கற்றது’ என்று கொட்டை எழுத்திற் பொறிக்கின்றனர். அமெரிக்கச் சட்டத்தில் அச்சொற்களுக்கு வரையறை யாதும் இல்லை. ஆதலின் வாங்குவோர் குப்பியின் பின்புறத்திற் சிற்றெழுத்திலுள்ள சரக்குப் பட்டியலைப் படித்தே தெளிய வேண்டும். நீண்ட கையுடைய சட்டையணிந்து நீராடுவோர்க்கு முகமும் புறங்கையும் போன்ற சிறு பகுதிகளே பூசுதற்கு எஞ்சும். சட்டை நீரிற் கரைவதுமில்லை.