எக்ஸ்ரேயில் வெள்ளைன்னா எல்லாமே சளியா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிட்டா, தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குச் சளி, இருமல் வருவது சகஜம். அநேகமாக அது வெறும் சளிதான். ஆனால் மிக அபூர்வமாக, அதே இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறலோடு ஒரு நுரையீரல் கட்டியும் வரும். பெயர் ப்ளூரோபல்மோனரி பிளாஸ்டோமா. நான் டாக்டர் இல்லை, மென்பொருள்காரன். படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1988-ல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் 6 வயதுக்குள் வரும். மூன்று வகை:

1. காற்று நிறைந்த பைகள் மட்டும். பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு.
2. பையும் கெட்டிச் சதையும் கலந்தது.
3. முழுக்கக் கெட்டியான கட்டி. 3, 4 வயதுவாக்கில்.

முதல் வகை வளர்ந்து மற்ற வகைகளாக மாறலாம். 2015-ல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டுக் கணக்குப்படி, ஐந்தாண்டு பிழைத்திருப்போர் முதல் வகையில் 91 சதவீதம், மூன்றாவதில் 53. சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம்னு இதிலேயே தெரியும்.

சிக்கல் எங்கே? எக்ஸ்ரேயில் சளி, சீழ், நீர், கட்டி எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும். எங்க தொழிலில் ஒரே எரர் மெசேஜுக்குப் பத்துக் காரணம் இருக்கிற மாதிரி. அதனால் இந்தக் கட்டியை நிமோனியா என்றோ, நெஞ்சில் சீழ் என்றோ முதலில் நினைத்துவிட வாய்ப்புண்டு.

அடுத்த படி அல்ட்ராசவுண்ட். உள்ளே இருப்பது நீரா, கெட்டிச் சதையா என்று அது பிரித்துக் காட்டும். கதிர்வீச்சும் கிடையாது. சதை என்றால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், கட்டி எங்கிருந்து வருகிறது, எதை அழுத்துகிறது என்று தெரியும். இறுதி முடிவு திசுப் பரிசோதனையில்தான்.

முதல் வகையில் இன்னொரு வில்லங்கம். பிறவியிலேயே வரும் சாதாரண நுரையீரல் பையும் சி.டி.யில் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கேதான் மரபணு உதவுகிறது. டைசர்1 என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறுக்கும் இந்தக் கட்டிக்கும் தொடர்பு இருப்பது 2009-ல் தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது நுரையீரல் பை, சிறுவயதிலேயே தைராய்டு கட்டி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பயப்படச் சொல்லவில்லை. ஆன்டிபயாடிக் முழுசாக் கொடுத்தும் நிழல் குறையவில்லை என்றால், "ஒரு ஸ்கேன் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். தென்காசியில் முடியாவிட்டால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கு. போகும்போது அந்தப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கையோடு கொண்டு போங்கள்.