யானை கவிழ்த்த ஓட்டோவுக்கு யார் பணம் தருவார்? கட்டாயக் காப்புறுதி காப்பதும் கைவிடுவதும்

இலங்கையில் வாகனம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் காப்புறுதிக்குப் பணம் கட்டுகிறார்கள். கட்டாமல் தப்ப முடியாது. பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால், புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதிச் சான்றிதழையும் காட்ட வேண்டும். அந்தப் பணம் யாரைப் பாதுகாக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'எங்களைத்தான்' என்பார்கள். 'தேர்ட் பார்ட்டி' மட்டும் எடுத்தவர்களைப் பொறுத்தவரை அது உண்மையல்ல.

யானை–மனித மோதல் பற்றி எழுதுவதற்காக அண்மையில் வில்கமுவவுக்குப் போயிருந்தேன். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி ஆற்றையும் வஸ்கமுவ தேசியப் பூங்காவையும் அண்டிய விவசாயப் பிரதேசம் அது. இருட்டினால் வீதிக்கு யானை வரும். ஓட்டோ ஓட்டும் ஒரு சிங்களச் சகோதரர் தன் காப்புறுதிப் பத்திரத்தை நீட்டி, "யானை கவிழ்த்தால் இதில் எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்டார். அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அதில் அவருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாட்டுடன் மோதி மோட்டார் சைக்கிளை உடைத்துக்கொள்ளும் நமது பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

சட்டம் யாரை நினைத்தது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, உங்கள் வாகனத்தால் இன்னொருவர் இறந்தால் அல்லது காயமடைந்தால் அவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக. இடித்தவர் ஏழையாக இருந்தாலும் இடிபட்டவரின் குடும்பம் கைவிடப்படக் கூடாது என்பதே அதன் நியாயம். இது நல்ல சட்டம். ஆனால் இடித்தவரின் வாகனத்தையோ அவரது கை கால்களையோ அது பார்ப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். வீதியில் நடந்துபோன உங்கள் உறவினரை ஒரு வாகனம் மோதினால், அந்த வாகனத்தின் காப்புறுதியில் நட்டஈடு கோரும் வழி உங்களுக்கு உண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வாகன இலக்கம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வழக்குத் தொடர்வதாயின் காப்புறுதி நிறுவனத்துக்கும் உரிய காலத்தில் அறிவிக்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

முழுக் காப்புறுதியும் முழுமையல்ல

சொந்த வாகனத்தின் சேதத்துக்குப் பணம் கிடைக்க 'ஃபுல் இன்சூரன்ஸ்' எனப்படும் முழுக் காப்புறுதி வேண்டும். லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களை நிதி நிறுவனமே அதை எடுக்க வைக்கிறது. கடன் முடிந்த மறு ஆண்டே பலர் மலிவான தேர்ட் பார்ட்டிக்கு மாறிவிடுகிறார்கள். வாகனம் முழுதாகச் சொந்தமாகும் நாளிலேயே அதன் பாதுகாப்பும் போய்விடுகிறது.

முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் ரூபாய் சரிந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் பலமடங்கு ஏறின. பத்திரத்தில் இருந்த தொகையோ பலருக்குப் பழையதாகவே இருந்தது. சந்தையில் 20 இலட்சம் ரூபாய் பெறும் வாகனத்தை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 2 இலட்ச ரூபாய் சேதத்துக்கு 1 இலட்சமே தர நிறுவனத்துக்கு இடமளிக்கும் நிபந்தனை பத்திரத்தில் இருக்கலாம். கட்டணத்தைக் குறைக்க பெறுமதியைக் குறைத்துக் காட்டுபவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

போரும் கலவரமும்

நமக்கு வலிக்கும் இடம் இது. சாதாரணக் காப்புறுதிப் பத்திரம் எதுவும் போரால் ஏற்படும் இழப்பை ஏற்பதில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய அவற்றுக்குக் காப்புறுதிச் சந்தையில் பதில் இருக்கவில்லை.

கலவரத்தின் கதை வேறு. 1983 ஜூலையில் கொழும்பிலும் மாத்தளை உள்ளிட்ட மலையக நகரங்களிலும் தமிழர் கடைகளும் வாகனங்களும் எரிந்தன. போரும் மூண்ட பின்னர், வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்கள் இலங்கையில் இத்தகைய ஆபத்துகளை ஏற்கத் தயங்கின. அந்த இடைவெளியை நிரப்ப, வேலைநிறுத்தம், கலகம், குடியியல் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான நிதியத்தை 1980களின் பிற்பகுதியில் அரசாங்கம் அமைத்தது. இன்று அது, 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் இது தானாக வருவதில்லை. முழுக் காப்புறுதியுடன் மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் சற்றுக் குறையட்டும் என்று முகவர் அதை விட்டுவிடச் சொன்னால், எதை விடுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கும்பல் தீவைத்தால் எது எரியும் என்பதை நாம் பார்த்தவர்கள்.

எங்கே முறையிடுவது?

காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிப்பது இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிச் சபையாகத் தொடங்கி, 2017இல் இப்பெயரைப் பெற்றது. முழுக் காப்புறுதியின் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிப்பதால் ஒன்றுக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். முதலில் நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதுங்கள். பயனில்லாவிட்டால் ஆணைக்குழுவுக்கோ காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ முறையிடலாம். 2005 முதல் இயங்கும் ஒம்புட்ஸ்மன் சேவைக்குக் கட்டணம் இல்லை. நீதிமன்றம் செல்லும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

ஆணைக்குழு அரச நிறுவனம். அதற்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. காப்புறுதிப் பத்திரங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. கையெழுத்திட முன்னர் மூன்று கேள்விகளையாவது முகவரிடம் தமிழில் கேளுங்கள்: என் வாகனத்தின் சேதத்துக்குப் பணம் உண்டா? இன்றைய சந்தைப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்களா? கலவரப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா? பதிலைப் பத்திரத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.