ஏலச்செடியும் பேஸ்பால் வீரனும்
(கணினி விளையாட்டில் திறன் வளர்க்கும் முறைகள் – ஒரு வியாபாரியின் பார்வை)

நமது சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது பழைய அளவைகள், ஊர்ப்பெயர்கள், கல்வெட்டுச் செய்திகள் என்ற வகையில்தான் இருக்கும். இந்த முறை கணினி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "ஐயா, உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் ஒருவர். சம்பந்தம் உண்டு. அறுபது வயதைத் தாண்டியபின், சின்னக்கானலில் ஏலக்காய் வியாபாரம் பார்த்துக்கொண்டே, என் பேரனிடம் நான் கற்ற பாடம் இது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு கருவியை இணைத்துக்கொண்டு பேஸ்பால் விளையாடினான். ஆனால் பந்து அடிக்கிற நேரத்தைவிடக் கணக்குப் பார்க்கிற நேரம்தான் அதிகமாக இருந்தது. என்னடா செய்கிறாய் என்று கேட்டேன். "இந்தப் பையன் டி கிரேடு தாத்தா. வயசு இருபது. இதுக்கு மேல வளரமாட்டான். வித்துட்டு வேற ஆள் எடுக்கணும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

விளையாட்டும் முதலாளி வேலையும்

பேஸ்பால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய விளையாட்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஒருவர் பந்தெறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார், அணிக்கு ஒன்பது பேர். இதைக் கணினியில் ஆடுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒரு ஆட்டத்தை மட்டும் ஆடி முடிப்பது ஒன்று. ஒரு கிளப்பின் நிர்வாகப் பொறுப்பையே ஏற்று, ஆண்டுக்கணக்கில் அதை நடத்துவது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் ‘ஃபிராஞ்சைஸ்’ முறை என்கிறார்கள். சம்பளம் பேசுவது, இளைஞர்களைத் தேர்வு செய்வது, பயிற்சி கொடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் நம் பொறுப்பு. சுருங்கச் சொன்னால் கடை நடத்துவது மாதிரிதான்.

இதன் வேர் கணினிக்கும் முந்தையது. 1961-ல் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற அட்டை விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அட்டை. அவனது உண்மையான ஆட்டக் கணக்கை வைத்து அந்த அட்டையைத் தயாரித்திருப்பார்கள். பகடை உருட்டினால் முடிவு தெரியும். ஆனால் அட்டையில் இருப்பது போன ஆண்டின் கணக்கு. அடுத்த ஆண்டு அவன் எப்படி இருப்பான் என்பதை அட்டை சொல்லாது. அந்தக் கேள்விக்குக் கணினி விளையாட்டுகள்தான் விடை தேட ஆரம்பித்தன.

பேரேட்டில் இரண்டு பத்தி

என் பேரன் ஆடிய ‘எம்.எல்.பி. தி ஷோ’ 2006-லிருந்து வருகிறது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் 99 வரை ஒரு தகுதி எண் உண்டு. அது இன்றைய இருப்பு. அதன் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து இருக்கும். அது நாளைய வரவு, அதாவது எவ்வளவு தூரம் வளரக்கூடியவன் என்ற மதிப்பு. ‘அவுட் ஆஃப் த பார்க்’ என்று இன்னொரு விளையாட்டு உண்டு. மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது, 1999-ல் முதலில் வந்தது. அதிலும் இதே இரண்டு பத்திதான், ஆனால் கணக்கு இன்னும் நுட்பம். உண்மையான பேஸ்பால் தேர்வாளர்கள் பயன்படுத்தும் 20 முதல் 80 வரையான அளவுகோலை அதிலும் வைத்துக்கொள்ளலாம். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி வீரன்.

இன்றைய எண் எப்படி நாளைய எண்ணை நோக்கிப் போகிறது? முதலாவது வயது. இருபதுகளின் தொடக்கத்தில் ஏறும், இருபதுகளின் பிற்பாதியில் உச்சம், முப்பதைத் தாண்டினால் மெல்ல இறங்கும். இரண்டாவது, ஆடக் கிடைக்கும் வாய்ப்பு. பெஞ்சில் உட்கார வைத்தால் வளர்ச்சி குறையும். மூன்றாவது பயிற்சியாளரின் தரம். நான்காவது காயம். ஐந்தாவது அதிர்ஷ்டம். ‘அவுட் ஆஃப் த பார்க்’ விளையாட்டில் இந்த அதிர்ஷ்டத்துக்கே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக 100 என்று இருக்கும், கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டினால் யாரும் எதிர்பாராத பையன் திடீரென்று மேலே வருவான், நட்சத்திரம் என்று நினைத்தவன் காணாமல் போவான்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நமக்குத் தெரிகிற ‘நாளைய எண்’ உண்மையான எண்ணே கிடையாது. தேர்வாளர் போட்ட மதிப்பீடுதான் அது. தேர்வாளர் சுமாரானவர் என்றால் மதிப்பீடும் தப்பும். அதனால் ஆட்டத்தில் அவ்வப்போது மறுபடியும் ஆளை அனுப்பிப் பார்த்து, எண்ணைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

நாற்றங்காலும் பண்ணையும்

பெரிய அணிக்கு ஒரு பையன் நேரே வருவதில்லை. கீழே பல படிகள் உண்டு. இன்று பெரிய லீக்கின் 30 கிளப்புகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் நான்கு இளநிலை அணிகள், ஆக மொத்தம் 120. 2021-லிருந்து இந்த அமைப்பு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபார்ம் சிஸ்டம்’, அதாவது பண்ணை முறை. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பிராஞ்ச் ரிக்கி என்பவர் வளர்த்தெடுத்த ஏற்பாடு இது. விலை கொடுத்து வாங்க வசதியில்லை, நாமே விளைவித்துக்கொள்வோம் என்பது அவர் கணக்கு.

பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் மலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏல நாற்றை இரண்டு கட்டமாக நாற்றங்காலில் வளர்த்துத்தான் தோட்டத்துக்குக் கொண்டு போகிறோம். நட்டால் மூன்றாம் ஆண்டுதான் காய் பார்க்க முடியும். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். முதல் கட்டத்து நாற்றை வெயிலில் கொண்டு நட்டால் கருகும். விளையாட்டிலும் அப்படித்தான். தகுதிக்கு மீறின படியில் பையனை ஏற்றிவிட்டால் தோற்றுத் தோற்று அவன் வளர்ச்சி நிற்கும். தகுதிக்குக் கீழே வைத்திருந்தாலும் சவால் இல்லாமல் தேங்கிப்போவான்.

ஜப்பானில் கொனாமி நிறுவனம் 1994-லிருந்து வெளியிடும் பேஸ்பால் வரிசை ஒன்று உண்டு. அதில் ‘சக்சஸ்’ என்ற பகுதியில் ஒரே ஒரு இளைஞனை நாம் வளர்க்க வேண்டும். ஓட்டமா, மட்டையா, ஓய்வா என்று பயிற்சியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். களைத்துப்போன உடம்போடு பயிற்சிக்கு அனுப்பினால் காயம் படும். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அந்த விளையாட்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. டியூஷன் மேல் டியூஷன் வைக்கும் பெற்றோரும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் நடந்த கதை

கணினியில் இருப்பது நிஜத்திலும் நடக்கிறதா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

2008-ல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற போட்டியை இந்தியாவில் நடத்தினார்கள். வேகமாகப் பந்தெறிபவருக்குப் பரிசு. பேஸ்பாலைத் தொட்டே பாராத ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப்பிரதேச இளைஞர்கள் இருவர் தேர்வானார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதம் பழகி, அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பின் பண்ணை அணிகளுக்கு ஒப்பந்தமானார்கள். 2009-ல் ஆடவும் தொடங்கினார்கள். தினேஷ் சீக்கிரமே ஊர் திரும்பினார். ரிங்கு இன்னும் சில படி ஏறினார், பிறகு கைக் காயம் தடுத்தது. 2018-ல் மல்யுத்தப் பக்கம் போய்விட்டார். இவர்கள் கதை 2014-ல் திரைப்படமானது, இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான். பெரிய லீக்கை இருவரும் எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பயிற்சி ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும், தாமதமான தொடக்கமும் காயமும் எந்த இடத்தில் நிறுத்தும் என்ற இரண்டையும் இதில் பார்க்கலாம்.

நம் சென்னையில் 1987-ல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து பயிற்சி நிலையம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி கால் நூற்றாண்டு காலம் வழிநடத்தினார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பழகியவர்கள். நாம் மூணாறிலிருந்து கொச்சிக்கு இறங்கும் வழியில் இருக்கும் கோதமங்கலத்தில் பிறந்த ஸ்ரீசாந்தும் அங்கே போனவர்தான். அந்த நிலையத்துக்கு வேகப்பந்து வீச ஆசைப்பட்டு ஒரு சின்னப் பையன் வந்தான். லில்லி பார்த்துவிட்டு, நீ மட்டையைக் கவனி என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். பந்துவீச்சுப் பத்தியில் அவனுக்கு டி கிரேடு விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பேரேட்டில் மட்டைக்கு ஒரு பத்தி இல்லை, அவ்வளவுதான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதை இன்னும் பக்கத்துக் கதை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015-ல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பையில் ஆடினார், பந்துவீச்சு முறையில் குறை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வயது இருபத்துமூன்று, இருபத்துநான்கு. என் பேரன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே விற்றிருப்பான். அவர் முறையை மாற்றிப் பழகி மறுபடி வந்தார். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். 2020 நவம்பரில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் இந்தியாவுக்காக ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார்.

பேரேட்டில் பெயரே ஏறாதவர்களும் உண்டு. அமெரிக்கப் பெரிய லீக்கில் கறுப்பின வீரர்களைப் பல்லாண்டு காலம் சேர்க்கவே இல்லை. நாம் மேலே பார்த்த பிராஞ்ச் ரிக்கிதான், பின்னாளில் புரூக்ளின் அணியில் இருந்தபோது, ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, ஓராண்டு பண்ணை அணியில் ஆட வைத்து, 1947-ல் பெரிய அணிக்குக் கொண்டுவந்தார். அப்போது ராபின்சனுக்கு வயது 28. வயதுக் கணக்குப்படி வளர்ச்சி முடிந்த வயது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

சல்லடை சொல்வதும் சொல்லாததும்

ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறோம். எட்டு மில்லிக்கு மேல் ஒரு விலை, ஏழுக்கு ஒரு விலை. சல்லடை பொய் சொல்லாது. ஆனால் அது பறித்த காயைப் பற்றித்தான் சொல்லும். அந்தச் செடி அடுத்த ஆண்டு எப்படிக் காய்க்கும் என்று சல்லடையைக் கேட்கிறவன் விவசாயி கிடையாது.

இவ்வளவு தெரிந்த நான் என் இரண்டாவது மகன் விஷயத்தில் அதைத்தான் செய்தேன். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைவு. எஸ்டேட் மைதானத்தில் அவன் பந்து வீசினால் பெரிய பையன்களே ஒதுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. "உனக்கு இதுக்கு மேல வராது, கடைக்கு வா" என்று சொல்லி, அவனுக்குப் பதினாறு வயதிலேயே கணக்கை மூடிவிட்டேன். கடையில் நல்லாத்தான் இருந்தான், பிறகு திருப்பூரில் தனித்தொழிலும் செய்கிறான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாதபடி செய்தவன் நான். "வளரமாட்டான், வித்துடலாம்" என்று என் முன்னால் உட்கார்ந்து சொன்ன பேரன் அவன் மகன்.

அன்று பேரனிடம் சொன்னேன்: "அந்தப் பையனை இன்னும் ரெண்டு வருஷம் வச்சிரு. கீழ்ப் படியில ஆட விடு. வருஷா வருஷம் பாரு." முணுமுணுத்தான், ஆனால் வைத்துக்கொண்டான். விடுமுறை முடிந்து போனபின் போனில் சொன்னான், "தாத்தா, டி கிரேடு சி ஆயிடுச்சு." நட்சத்திரம் ஆகவில்லை. ஆனாலும் அணியில் ஆடுகிறானாம்.

ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்குப் பயம் அதிகம். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே ஒரு கிரேடு போட்டு ஒரு வழியில் நிறுத்திவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். கிரேடு போடுவதில் தவறில்லை, பென்சிலால் போடுங்கள். தாங்கும் படியில் ஆட விடுங்கள், களைத்தால் ஓய்வு கொடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். முக்கியமாக, ஒருநாளாவது மைதானத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள்.