காயத்தில் பிறக்கும் மணம்

முற்காலத் தமிழ்ப் பெண்கள் நீராடிய பின் கூந்தலை அகிற்புகையில் உலர்த்தினர். காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களுள் அகிலும் ஒன்று எனப் பட்டினப்பாலை கூறுகிறது. அகில் என்னும் பெயர் பல மணமரங்களுக்கு வழங்குகிறது. அவற்றுள் ஒன்று நம் நாட்டு மழைக்காடுகளில் வளரும் கராஸ் மரம். அது தரும் மணக்கட்டையை மலாய்மொழியில் காஹாரு என்பர்.

நலமாக இருக்கும் கராஸ் மரத்தின் கட்டையில் மணம் இராது. அது வெளிறியும் எடை குறைந்தும் இருக்கும். கிளை முறிந்தாலோ பூச்சி துளைத்தாலோ அக்காயத்தின் வழியே பூஞ்சை புகும். அதனைத் தடுக்க மரம் கருமையான பிசினைச் சுரக்கும். பல ஆண்டுகள் பிசின் ஊறிய கட்டையே மணம் பெறுகிறது. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் வடிவதைத் தோட்டப்புற மக்கள் நன்கறிவர். அதுவும் காயத்தால் கிடைப்பதே. ஆனால், ரப்பர்ப்பால் அன்றே கிடைத்துவிடும். காஹாருவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எண்ணெய் எடுப்பதற்குக் கட்டையைத் தூளாக்கி நீரில் ஊறவைப்பர். பின்னர், அதனைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரச் செய்வர். நீரின்மேல் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுப்பர். அரபு நாடுகளில் இது ‘ஊது’ என்னும் விலையுயர்ந்த நறுமணத் தைலமாகும். சித்தம், ஆயுர்வேதம், சீன மருத்துவம் ஆகியவற்றிலும் அகில் பயன்படுகிறது.

இந்த மதிப்பே மரத்திற்குப் பகையானது. உள்ளே பிசின் உள்ளதா என்பதை வெளியிலிருந்து உறுதியாக அறிவது கடினம். காட்டை நன்கறிந்த பூர்வக்குடியினர் சில அடையாளங்களைக் கண்டு தேர்ந்தெடுப்பர். திருடர்களோ கண்ட மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்க்கின்றனர். காய்க்கும் முன்பே மரம் வீழ்ந்தால் விதையும் இல்லை, கன்றும் இல்லை. எனவே, 1995 முதல் இம்மரத்தின் அனைத்துலக வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ்க் கட்டுப்படுத்தப்படுகிறது. இருப்பினும், 2018இல் இது மிக அருகிவிட்ட இனமாக மதிப்பிடப்பட்டது.

இதற்கு ஒரு மாற்றுவழியை ஈப்போவுக்குத் தெற்கேயுள்ள கோப்பேங்கில் காணலாம். அங்குக் காஹாரு மரங்களைத் தோட்டப்பயிராக வளர்க்கின்றனர். வளர்ப்பு மரங்களில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தினால், இயற்கையான காயத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டையை மட்டும் சீவி, கட்டையில் கத்தி படாமல் காப்பதே தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளியின் திறமை. அதனால்தான் ஒரே ரப்பர் மரம் பல ஆண்டுகள் பால் தந்தது. மரத்திடம் பெறுவதற்கும் ஓர் அளவு உண்டு. கராஸ் மரமும் அந்த அளவையே நம்மிடம் வேண்டி நிற்கிறது.