கறுப்பாகப் போனால் கஷாயம் வேண்டாம்!

மூலிகை தேடிக் கொல்லிமலைக்குப் போவது என் பழைய வழக்கம். ஒருமுறை திண்ணனூர் நாட்டில் தங்கியிருந்தபோது ஓர் அம்மா தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

"சாமி, நாலு நாளா வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பா போகுது. சூடுதான்னு வெந்தயம் குடுத்தேன். நீங்க ஒரு கஷாயம் குடுங்க."

நாடி பிடித்தேன். நூல் மாதிரி ஓடியது. கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு வெளுப்பு! விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மிளகு பறிக்க ஏணி ஏறி இறங்கி முழங்கால் வலி. மூன்று மாதமாகக் கடையில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். 'வயித்து வலியே இல்லீங்க' என்று சொன்னாரே பார்க்கலாம்! வலி மாத்திரையால் வரும் புண் பல பேருக்கு வலிக்காது. நேராக ரத்தத்தில்தான் போய் நிற்கும்.

நான் கஷாயம் கொடுக்கவில்லை. ஜீப் பிடித்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறக்கி, காரவள்ளி வழியாக நாமக்கல்லுக்கு அனுப்பினேன். ரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலில் புண், ரத்தக் குழாயை அரித்திருந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

எங்கள் சித்த நூல்கள் இந்த நோயைக் குன்மம் என்கின்றன, எட்டு வகை சொல்கின்றன. தென்னாட்டுக்கு இது ரொம்பப் பழகிய நோய்தான். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய சர்ஜன் சாமர்வெல், பிறகு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரிலேயே தங்கிவிட்டார். அங்கே தாம் செய்த 2,500 குடல்புண் ஆபரேஷன்களைப் பற்றி 1942-ல் எழுதினார். அன்றைக்குக் காரத்தையும் கவலையையும் குற்றம் சொன்னோம். பெரும்பாலான புண்ணுக்கு ஒரு கிருமிதான் காரணம் என்று காட்டிய ஆஸ்திரேலியர்கள் மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் ஒரு கணக்கு வந்தது. வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 19 முதல் 57 பேருக்குப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. 4 முதல் 14 பேருக்குக் குடல் ஓட்டையாகிறது. 'இவ்வளவுதானா?' என்கிறீர்களா? ரத்தம் கசிந்தவர்களில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேர் ஒரே மாதத்தில் இறக்கிறார்கள். ஓட்டை விழுந்தவர்களில் 23 பேருக்கு மேல்!

ஓட்டை விழுந்தால் கத்தியால் குத்தினாற்போல் திடீர் வலி வரும், வயிறு பலகையாக இறுகும். சோடா, ஓம வாட்டர், மோர் எதுவும் தரவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் உயிருக்கு உலை. காபித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுப்பாகப் போகும்தான். ஆனால் பிசுபிசுப்பும் துர்நாற்றமும் தலைசுற்றலும் சேர்ந்தால் யோசிக்காதீர்கள்.

மணத்தக்காளிக் கீரையும் அதிமதுரமும் வயிற்றெரிச்சலுக்கு நானே சொல்வேன். ஓடுகிற ரத்தத்தை அவை நிறுத்தாது.

அந்த மிளகுக்காரர் இப்போதும் என்னைப் பார்க்க வருகிறார். முழங்காலுக்கு மேலே தடவத் தைலம் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.